வலைக்கு எந்தப் பக்கம்?

“கண்ணகி நகர் கார்த்திகாவைப் பாருங்க சார். திறமை இருந்தா எங்க தூக்கிப் போட்டாலும் மேல வந்துடும்.”

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி ஈரானை வென்று தங்கம் வாங்கியது. அதற்குப் பிறகு பம்மல் டீக்கடையிலும் பல்லாவரம் ஸ்டேஷனிலும் இந்தப் பேச்சைப் பத்து தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன். சொன்னவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள். சந்தோஷத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ‘எங்க தூக்கிப் போட்டாலும்’ என்கிற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள் தோழர்களே. தூக்கிப் போட்டவன் யார்? எதற்காகத் தூக்கிப் போட்டான்? அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. விழுந்த இடத்திலிருந்து ஒரு பிள்ளை எழுந்து நின்றுவிட்டதாம். ஆகவே தூக்கிப் போட்டதில் ஒன்றும் தப்பில்லையாம்.

கண்ணகி நகர் என்ன ஊர்? 2000-லிருந்து சென்னையின் ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடிசைகளைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கொட்டிய இடம். முகவரியில் அந்தப் பேரை எழுதினால் வேலை கிடைக்காது என்று சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்த பிள்ளைகள் அங்கே உண்டு. அந்த ஊரில் ராஜி என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார், பிள்ளைகளைச் சேர்த்தார், ஒரு அணியைக் கட்டினார். அதனால் கார்த்திகா வந்தார். தானாக வரவில்லை. உலகத்தில் எந்தத் திறமையும் தானாக வெளியே வந்ததில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. இதைச் சொன்னால் கார்த்திகாவைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். குறைப்பது நானா, இடத்தைப் பற்றிப் பேசாதே என்கிறவர்களா?

பயிற்சியாளன் என்றால் விசில் ஊதுகிறவன், தண்டால் எடுக்க வைக்கிறவன் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி வேலைகூட இல்லை. அவன் கையில் இருக்கிற அசல் அதிகாரம், யாரை எங்கே நிறுத்துவது என்பது. கபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர். ஓரத்தில் கார்னரில் நிற்கிறவனுக்குக் கணுக்காலை அமுக்கிப் பிடிக்கிற கை வேண்டும். அதைவிட, அவசரப்படாத மனசு வேண்டும். கவரில் நிற்கிறவன் பக்கத்திலிருப்பவனின் தோள் அசைவை வைத்தே எப்போது பாய்வது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரெய்டு போகிறவளுக்கு இருப்பது முப்பது விநாடி. அதற்குள் எதிர்ப்பக்கத்து ஏழு பேரின் கண்ணையும் காலையும் படிக்க வேண்டும். ஒரு பிள்ளையின் உடம்பையும் குணத்தையும் மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, “நீ இனிமே லெஃப்ட் கார்னர்ல நில்லு” என்று ஒருத்தர் சொல்கிறார் பாருங்கள், அந்த ஒரு வார்த்தையில் அந்தப் பிள்ளையின் அடுத்த பத்து வருஷம் அடங்கியிருக்கிறது. தப்பான இடத்தில் நிறுத்தினால் அதே பிள்ளை உதவாக்கரை. சரியான இடத்தில் நிறுத்தினால் ‘பிறவித் திறமை’.

எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அனகாபுத்தூர் நெசவு ஊர். தறி எங்களுடையதில்லை, ஆனால் எங்கள் தெருவிலிருந்து தார் சுற்றப் போயிருக்கிறார்கள். வேலைக்கு வருகிற பையனை முதலில் தார் சுற்றத்தான் உட்கார வைப்பார்கள். அப்புறம் ஒருநாள் தறிக்குழியில் இறக்கி, காலை மிதியில் வைத்து, நாடா ஓட்டக் கற்றுத் தருவார்கள். அந்த ஒருநாள் வராமலே போனால் அவன் கிழவனாகும் வரைக்கும் தார்தான் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் சிலர் அப்படியே கண் மங்கிப் போனார்கள். அவர்களுக்கு நெய்ய வருமா வராதா என்று யாரும் உட்கார வைத்துப் பார்த்ததில்லை.

எனக்குத் தார் சுற்றுகிற வேலை கிரிக்கெட்டில் வாய்த்தது.

1991. மண்டல் சண்டையில் ‘தகுதி, திறமை’ என்று ஊரெல்லாம் கத்தி ஓய்ந்திராத நேரம். நான் ஒன்பதாவது. புறநகரில் ஒரு மைதானம், ஒரு கோடைப் பயிற்சி முகாம். பேர் வேண்டாம். வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருத்தனாகக் கேட்டுக்கொண்டு வந்தார் கோச்.

“எங்கடா வீடு?”

“அனகாபுத்தூர் சார்.”

“அனகாபுத்தூர்ல எங்க?”

“ஆத்தோரம் சார்.”

மேலேயிருந்து கீழே ஒரு பார்வை. “நல்லா ஓடுவ போலிருக்கே. நீ பந்து போடு.”

சாதி கேட்கவில்லை. ‘அனகாபுத்தூர்ல எங்க’ என்று கேட்டபோதே அது கேட்டு முடிந்துவிட்டது. எனக்கு முன்னால் நின்றவன் குரோம்பேட்டைக்காரன். பேட்டும் கால் காப்பும் சொந்தமாக வைத்திருந்தான். அவனிடம் “ஓப்பனிங்கா, ஒன் டவுனா?” என்று கேட்டார். நான் ஆற்று மணலில் டென்னிஸ் பந்தை அடித்து அக்கரைக்கு அனுப்புகிறவன் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கேட்டால்தானே தெரியும்.

இரண்டு கோடை. நடுவில் ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். காலையில் ஆறு மணிக்கு மேட்டை உருட்டி விரித்து ஆணி அடிக்க வேண்டும், வலை கட்ட வேண்டும். எட்டு வரைக்கும் பந்து போட வேண்டும். அப்புறம் ஆணியைப் பிடுங்கி மேட்டைச் சுருட்ட வேண்டும். இந்த வேலைக்கு நாங்கள் மூன்று பேர். மூன்று பேருமே ஆற்றோரமும் ஏரிக்கரையுமாக இருந்தது தற்செயல்தான் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அத்தனை நாளிலும் நான் மட்டை பிடித்து ஆடியது ஆறு பந்து. ஒரு பையனுக்கு அவன் அம்மா பிளாஸ்கில் போர்ன்விட்டா கொண்டுவந்தார். அதை அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் ஆறு பந்து. கோச் கெட்டவர் இல்லை. நான் களைத்துப் போனால் தன் காசில் பன் வாங்கிக் கொடுப்பார். பன் கொடுத்தார், மட்டை கொடுக்கவில்லை.

அணியில் என் பேர் வரவில்லை. வலைப் பந்துவீச்சாளன் அணியில் இருப்பவன் அல்ல, அணிக்கு வேண்டிய சாமான். என் பந்தை இரண்டு வருஷம் அடித்துப் பழகியவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. அவன் நன்றாகத்தான் ஆடினான். ஆயிரக்கணக்கான பந்துகளை அவனுக்கு நானும் மற்ற இரண்டு பேரும் போட்டிருக்கிறோம், ஆடாமல் என்ன செய்வான்? விளையாட்டில் ‘இடம்’ என்பது மைதானத்தில் நிற்கிற இடம் மட்டுமில்லை. மாதம் முதல் தேதி சம்பளம் வருகிற இடமும் அதுதான்.

இது என் ஒருத்தன் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நூறு வருஷத்துக்கு முந்தியே புனேயில் நடந்த கதை இது. பல்வங்கர் பாலூ, 1876-இல் பிறந்தவர், சாமர் சாதி. புனேயில் முதலில் பார்சிகளின் கிளப்பில், அப்புறம் வெள்ளைக்காரர்களின் புனே ஜிம்கானாவில் மாதம் நாலு ரூபாய் சம்பளத்துக்கு மைதான வேலை. ஆடுகளத்தை உருட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது. அதோடு கிரெய்க் என்கிற வெள்ளைக்கார மட்டையாளருக்கு வலையில் பந்து போடுவது. மணிக்கணக்கில், வருஷக்கணக்கில் போட்டார். உலகத்தரமான இடதுகைச் சுழல் பந்துவீச்சு அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. ஆனால் அந்த வலையில் ஒருநாள்கூட அவர் கையில் மட்டை கொடுக்கப்படவில்லை. மட்டை துரைமார்களுக்கு.

பிறகு இந்து கிளப்காரர்கள் வெள்ளைக்காரனை ஜெயிப்பதற்காக அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொடலாம். தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே மண் குவளை. 1911-இல் இங்கிலாந்துக்குப் போன அணியில் அவர் எடுத்த விக்கெட் 114. அப்படிப்பட்ட ஆளை இந்து அணிக்குத் தலைவனாக்கினார்களா? இல்லை. 1920-இல் அணித்தலைமையை அந்தக் குடும்பத்துக்கு மறுத்தபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியைவிட்டு வெளியேறினார்கள். அந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் பாலூவுக்குத் துணைத்தலைமை கிடைத்தது. 1923-இல் விட்டல் தலைவரானார், அணி ஜெயித்தது. (பாலூ 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் பாபாசாகேபை எதிர்த்து நின்று தோற்றார் என்பதையும் நான் மறக்கவில்லை. அந்தக் கணக்கு வேறு. நாலு ரூபாய்க் கணக்கு வேறு.)

பந்து போடுவதில் நம்மைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்குத் தயக்கமில்லை. மட்டை, தலைமை, திட்டம் போடுவது, இந்த மூன்றிலும்தான் கதவு இறுகுகிறது. ஓடு, தூக்கு, போடு என்பதெல்லாம் உடம்பு வேலை. அதற்கு நாம். யோசிப்பதற்கு வேறு ஆள். இதை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதா? மனு எழுதின அதே பட்டியல்தான். கால்சட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்திருக்கிறது.

அமெரிக்காவில் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். 1970-இல் லாய், மெக்எல்வோக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கத்திய பேஸ்பாலிலும் அமெரிக்கன் ஃபுட்பாலிலும் யார் எங்கே நிறுத்தப்படுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஆட்டத்தின் நடுவில், முடிவெடுக்கிற இடங்களில் வெள்ளையர்கள். ஓரத்தில், ஓடுகிற இடங்களில் கறுப்பர்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆட்டத்தை நடத்துகிற இடத்துக்கு குவார்ட்டர்பேக் என்று பேர். மார்லின் பிரிஸ்கோ என்கிற கறுப்பு இளைஞர் 1968-இல் டென்வர் அணிக்கு அந்த இடத்தில் நின்று நன்றாகவே ஆடினார். அடுத்த வருஷம் அந்த அணியில் அவருக்கு இடமில்லை. வேறு அணிக்குப் போய்ப் பந்தைத் துரத்திப் பிடிக்கிற ஆளாக மாற வேண்டியிருந்தது. வாரன் மூன் என்பவர் இடத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று நின்றார். 1978-இல் எந்த அமெரிக்க அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணிக்கு ஐந்து தடவை கோப்பை வாங்கிக் கொடுத்தபிறகுதான் சொந்த நாட்டுக்கு அவர் அருமை தெரிந்தது. 1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ் சூப்பர் பவுலை ஜெயிக்கிற வரைக்கும், ‘அந்த இடத்துக்கு மூளை வேண்டும்’ என்றுதான் அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெம்பா பவுமாவை எத்தனை வருஷம் ‘கோட்டா ஆள்’ என்று கேலி பண்ணினார்கள்! கேப்டவுனின் லங்கா குடியிருப்பில் வளர்ந்த அந்தக் குள்ள மனிதர்தான் 2025 ஜூனில் லார்ட்ஸில், தொடைத் தசை பிடித்துக்கொண்ட காலோடு மட்டை பிடித்து, அணித்தலைவராக நின்று, ஆஸ்திரேலியாவை ஜெயித்து உலக டெஸ்ட் பட்டத்தை வாங்கினார்.

நம் நாட்டுக் கணக்கையும் 2018-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதினார்கள். அதுவரை இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய ஏறக்குறைய 290 ஆண்களில் தலித்தும் பழங்குடியும் சேர்த்து நாலு பேர். எங்கள் மேட்டைச் சுருட்டிய மூன்று பேரோடு சேர்த்தால் ஏழு. ஒரு கபடி அணி தேறும்.

இப்போது சின்னப்பம்பட்டிக்கு வருகிறேன். நடராஜன் என்ன சாதி என்று ஆராய்ச்சி செய்வது என் வேலையில்லை. தறி வேலைக்குப் போன அப்பா, தெருவோரம் கடை போட்ட அம்மா, இருபது வயது வரைக்கும் டென்னிஸ் பந்து, இது போதும் எனக்கு. அந்த ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவருக்கு யார்க்கர் போடக் கற்றுக்கொடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை. யார்க்கர் நடராஜனிடமே இருந்தது. ஜெயப்பிரகாஷ் செய்தது வேறு. அவரைச் சென்னைக்குக் கூட்டிவந்து நாலாவது டிவிஷன் அணியில் நிறுத்தினார். அங்கிருந்து பெரிய கிளப்புகள். ஊரிலேயே விட்டிருந்தால் சேலம் மாவட்டத்து டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டுகளில் குத்துவிளக்கும் குக்கரும் பரிசு வாங்கிக்கொண்டு இருந்திருப்பார். 2015-இல் ரஞ்சி ஆட்டத்துக்குள் வந்த கையோடு பந்து வீசுகிற முறையில் கோளாறு என்று புகார் வந்தது. பல பேரை அந்த இடத்தில்தான் தொலைத்துவிடுவார்கள். சுனில் சுப்பிரமணியம் போன்றவர்கள் உட்கார்ந்து சரிபண்ணினார்கள். ஆக, நடுவில் நின்று கைகொடுத்தவர்கள் இத்தனை பேர். நடராஜன் சட்டையில் ‘ஜேபி நட்டு’ என்று தன் பேருக்கு முன்னால் ஜெயப்பிரகாஷ் பேரைப் போட்டுக்கொண்டாரே, அது வெறும் நன்றி இல்லை. கணக்குத் தெரிந்த மனிதனின் கணக்கு.

அப்படிப்பட்ட நடராஜனையும் 2020-இல் ஆஸ்திரேலியாவுக்கு எப்படிக் கூட்டிப்போனார்கள்? வலையில் பந்து போட. ஒவ்வொருத்தருக்காக அடிபட, டிசம்பர் 2-ஆம் தேதி ஒருநாள் ஆட்டம், 4-ஆம் தேதி இருபது ஓவர் ஆட்டம். அது முடிந்ததும் மறுபடி வலைக்கு. ஊரில் பிறந்த குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் அங்கேயே இருந்தார். அணித்தலைவர் கோலி தன் குழந்தை பிறக்கிறது என்று ஊர் திரும்பினார். இரண்டு பேருக்கும் ஒரே விதிதானா என்று அப்போது எழுதியவர் கவாஸ்கர், நம்ம ஆள் யாருமில்லை. மேலும் சிலருக்கு அடிபட்ட பிறகு 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். பத்திரிகைகள் ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதின. பத்துப் பேர் காலொடிந்தால்தான் ஒருத்தனுக்கு இடம் என்பதற்கு அதிர்ஷ்டம் என்று பேரா?

“அப்ப கிரிக்கெட்டை விடுங்க. நமக்குக் கபடி இருக்கு, குத்துச்சண்டை இருக்கு, ஃபுட்பால் இருக்கு” என்று தோழர் ஒருவர் சொன்னார். எனக்கு இதில் உடன்பாடில்லை. கபடியை யாருக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ‘உனக்குக் கபடி, அவனுக்குக் கிரிக்கெட்’ என்று பிரிப்பது அதே வலையைப் பெரிசாகக் கட்டுவதுதான். பணமும் வேலையும் புகழும் குவிகிற ஆட்டத்தில் நம் பிள்ளை வலைக்கு இந்தப் பக்கமே நிற்கட்டும் என்று நாமே சொல்லிக் கொடுப்பதா?

நம் மன்றங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 14-க்கு டோர்னமென்ட் நடத்துகிறோம். நீலக்கொடி கட்டுகிறோம். கேப்டன் யார்? பொருளாளரின் தம்பி. தெருவில் நன்றாக ஓடுகிற பெண்பிள்ளைகள் எங்கே? குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றிக்கொண்டு நிற்கிறார்கள். வலை கட்டுவது நமக்கும் கைவந்த கலைதான்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு. அரசாங்கக் காசில் நடக்கிற எந்தப் பயிற்சி முகாமாக இருந்தாலும், யார் எத்தனை பந்து போட்டான், யார் எத்தனை பந்து ஆடினான் என்று தினமும் எழுதி வையுங்கள். பந்து போட்ட ஒவ்வொருத்தனும் அதே அளவுக்கு மட்டை பிடிக்க வேண்டும். மட்டையும் கால் காப்பும் முகாமே கொடுக்க வேண்டும். ஒரு மட்டைக்கே பல ஆயிரம் ரூபாய் வேண்டியிருக்கும்போது, ‘மட்டை இருக்கிறவன் பேட்ஸ்மேன்’ என்பது திறமையைப் பார்க்கிற முறையில்லை, பர்ஸைப் பார்க்கிற முறை. வேலைக்கு இனச்சுழற்சி இருப்பது போல வலைக்கும் ஒரு சுழற்சி. ஒரு வருஷம் இதைச் செய்து பாருங்கள். அப்புறம் தகுதி, திறமையைப் பற்றி என்னோடு பேச வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதையும் நிறுத்துங்கள். நம் பிள்ளைகளில் பலருக்குக் கோச் என்று ஒருத்தர் கிடைக்கிற ஒரே இடம் அந்த முக்கால் மணி நேரம்தான்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே நமக்குக் கிடைக்கிற கோச்சுகள் சம்பளம் வாங்காதவர்கள். எங்கள் ஆற்றங்கரையில் அப்படி ஒரு அண்ணன் இருந்தார், பெயிண்டர். வேலைக்குப் போவதற்கு முன்னால் விடியற்காலையில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஆட்டம் சொல்லிக் கொடுப்பார். என்னைப் பந்து போட மட்டும் நிறுத்திய கதையை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் வலையே கட்டவில்லை. கட்டுவதற்குக் காசும் இல்லை. ஆனால் எல்லாப் பையனும் எல்லா இடத்திலும் நின்று பார்க்க வேண்டும், ஆறு மாதம் கழித்துத்தான் அவனவனுக்கு இடம் சொல்வார். விக்கெட் கீப்பராக நின்ற பையன் நன்றாகச் சுழற்றிப் போடுகிறவன் என்று அப்படித்தான் கண்டுபிடித்தார்.

2025 மே மாதம் அடையாற்றுக் கரையை மீட்கிறோம் என்று அனகாபுத்தூரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளை இடித்தார்கள். முப்பது, நாற்பது வருஷம் அங்கே இருந்த குடும்பங்கள். பெரும்பாக்கம், நாவலூர், கீரப்பாக்கம், தைலாவரம் என்று பிரித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வீடு கொடுத்தோம் என்கிறார்கள். ஒரு அணியை நாலாகப் பிய்த்ததற்கு எதைக் கொடுத்தார்கள்? அண்ணனுக்குப் பெரும்பாக்கத்தில் மாடி வீடு. சுழல் பந்து போடுகிற பையன் கீரப்பாக்கத்தில். ஓப்பனிங் ஆடுகிற இரண்டு பேரும் தைலாவரத்தில். கண்ணகி நகரில் ஒரு கார்த்திகா வந்ததைக் காட்டி இதையும் நியாயப்படுத்துவார்கள் என்று தெரிந்துதான் இவ்வளவும் எழுதினேன். அந்த ஊரில் ஒரு ராஜி வேரூன்ற எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! பெயிண்டர் அண்ணன் ஐம்பதைத் தாண்டிவிட்டார்.

போன வாரம் போன் பண்ணினார். வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீரப்பாக்கத்திலிருந்து அஞ்சரை மணிக்கு முன்னால் பெரும்பாக்கம் வந்து சேருகிற மாதிரி பஸ் ஏதாவது இருக்கிறதா, விசாரித்துச் சொல்லு என்றார்.